ரோஸ் நிறம் தனியாக வளராது

“நீங்க எனக்கு எதையுமே சொல்லித் தர மாட்டேங்கிறீங்களே, மேடம்,” என்றான் கதிரேசன்.

நஸ்ரின் பாக்டீரியா வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளின் அடிப்பக்கத்தில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். கத்துக்குட்டிகள்தான் மூடியில் எழுதுவார்கள். மூடி மாறினால் பெயரும் மாறிவிடும்.

“வந்து இத்தனை மாசம் ஆச்சு. ஒரு வகுப்பை எப்படி ஆரம்பிக்கணும், எப்படி முடிக்கணும்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

“ம்.”

“நான் கொண்டுவர்றதைப் பிடுங்கிக்கத்தான் செய்யறீங்க.”

“உங்ககிட்ட பேனா இருக்கா?” என்றார் நஸ்ரின். “என்னுது எழுத மாட்டேங்குது.”

கொடுத்தான்.

வாங்கிக்கொண்டார். திருப்பித் தரவில்லை.

*

கதிரேசன் முட்டாள் இல்லை. அதுதான் சிக்கலே.

நுண்ணுயிரியலில் முனைவர் பட்டம் வாங்கியவன். அதற்குப் பிறகு போஸ்ட்டாக் என்ற பெயரில் ஊர் ஊராகப் போனவன். புனே, ஹைதராபாத், அப்புறம் ஸ்வீடன். போன இடமெல்லாம் ஒப்பந்தம் இருக்கும்வரை ஆராய்ச்சி. ஒப்பந்தம் முடிந்தால் மூட்டை முடிச்சு. ஈ.கோலை என்ற பாக்டீரியாவோடு பழகிப் பழம் தின்று கொட்டை போட்டவன். இவனுக்குத் தெரியாதது ஈ.கோலைக்கே தெரியாது என்று நண்பர்கள் கேலி செய்வார்கள்.

தூத்துக்குடி உப்பளங்களைத் தாண்டி ஓர் ஆராய்ச்சி நிலையம். அங்கே புதுமாதிரியான ஒரு போஸ்ட்டாக் வேலையை அறிவித்தார்கள். ஆராய்ச்சி செய்வதற்கு அல்ல. முதுகலை மாணவர்களுக்கும் முனைவர் பட்ட மாணவர்களுக்கும் நுண்ணுயிரியல் பாடம் ஒன்றைப் புதிதாக வடிவமைத்து, நடத்திக் காட்டுவதற்கு. வருஷக் கடைசியில் தேர்வுக் குழுவுக்கு முன்னால் ஒரு வகுப்பு எடுக்க வேண்டும். பிடித்திருந்தால் நிரந்தர வேலை. பிடிக்காவிட்டால் மறுபடியும் மூட்டை முடிச்சு.

அவன் மனைவி உமையாள் இந்த ஊருக்கு வந்தும் அட்டைப்பெட்டிகளைப் பிரிக்கவில்லை. அன்றாடம் வேண்டிய தட்டு, தம்ளர், இட்லிச் சட்டி மட்டும் வெளியே இருந்தன. மகள் புதுப் பள்ளியில் யாரோடும் ஒட்டாமல் போய் வந்துகொண்டிருந்தாள்.

“ஃப்ரெண்ட்ஸே இல்லையாடா?” என்று ஒருநாள் கேட்டான்.

“எப்படியும் போயிடுவோம்லப்பா,” என்றாள் அவள்.

அது அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. பிறகு அவனுக்கு எல்லாவற்றிலும் அவசரம் வந்துவிட்டது.

*

பாட வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைவர் நஸ்ரின். கதிரேசனைவிட வயதில் சின்னவர். வந்த அன்று அவரை மாணவி என்று நினைத்து, “மேடம் எப்போம்மா வருவாங்க?” என்று கேட்டுவிட்டான்.

“வந்துட்டாங்க,” என்றார் நஸ்ரின்.

அன்றிலிருந்தே அவர் பேச்சு அந்த அளவுதான்.

கதிரேசன் பாடத்திட்டத்தைத் தயாரித்துக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தான். கோப்பு தலையணை கனம் இருந்தது. அவனுக்கே அதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

நஸ்ரின் புரட்டினார். நடுவிலிருந்து ஒரு கற்றையை உருவித் தனியாக வைத்தார்.

“அது ஏன் மேடம்?”

“புத்தகத்துல இருக்கு. படிச்சுக்குவாங்க.”

இன்னொரு கற்றை.

“அது?”

“போன செமஸ்டர்லயே படிச்சிட்டாங்க.”

மூன்றாவதாக உருவியது, அவன் ஸ்வீடனில் செய்த ஆராய்ச்சி. வண்ணப் படங்களோடு இருந்தது.

“அது எந்தப் புத்தகத்துலயும் இல்லையே மேடம். நானே பண்ணினது.”

“அழகா இருக்கு,” என்றார் நஸ்ரின். “வீட்ல வெச்சுக்கங்க.”

நோஞ்சானாகிப்போன கோப்பை எடுத்துக்கொண்டு அவன் வெளியே வந்தான்.

*

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். கதிரேசனுக்கு வாய் உண்டு. வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று தேற்றிக்கொண்டான்.

முன்னோட்டமாக ஒரு வகுப்பு எடுத்தான். நஸ்ரின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

“பாக்டீரியாவைப் புதுச் சாப்பாட்டுக்குள்ள விட்டா, உடனே பெருக ஆரம்பிக்கிறதில்லை,” என்றான். “கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். ஏன்?”

மாணவர்கள் பார்த்தார்கள்.

“யாருக்கும் தெரியலையா? சரி, நானே சொல்றேன்.”

சொன்னான். மழை கொட்டுவதுபோல் சொன்னான். மணி அடித்த பிறகும் சொன்னான். மாணவர்கள் தலையாட்டிக்கொண்டே எழுதினார்கள். ஒருவன் தலையாட்டிக்கொண்டே தூங்கினான்.

வகுப்பு முடிந்ததும் நஸ்ரினிடம் ஓடினான்.

“கேள்வி நல்லா இருந்துச்சு,” என்றார் அவர்.

“தேங்க்ஸ் மேடம்.”

“பதிலும் நல்லா இருந்துச்சு.”

“ரொம்ப தேங்க்ஸ் மேடம்.”

“ரெண்டுக்கும் நடுவுல அங்கே வேற யாராவது இருந்தாங்களா?”



நஸ்ரின் அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடிக் குடுவையை எடுத்து அவன் கையில் கொடுத்தார். உள்ளே தெளிந்த நீர். வாயைப் பஞ்சால் அடைத்திருந்தது.

“இதை உங்க இன்குபேட்டர்ல வெச்சுப் பார்த்துக்கிட்டே இருங்க. ஏதாவது நடந்தா சொல்லுங்க.”

கதிரேசனுக்கு இது சோதனை என்று புரிந்தது. சின்னப்பிள்ளைச் சோதனை என்றும் நினைத்தான்.

ஈ.கோலை இருக்கிறதே, நாம் கேன்டீனுக்குப் போய் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஒன்று இரண்டாகிற ஜாதி. காலையில் போட்டால் சாயங்காலம் குடுவை மோர்போலக் கலங்கிவிடும். இவ்வளவு வருஷமும் கதிரேசன் அந்தக் கணக்கில்தான் வாழ்ந்திருக்கிறான். சாயங்காலம் போய்ப் பார்த்தான். கலங்கவில்லை. மறுநாள் பார்த்தான். கலங்கவில்லை. அதற்கும் மறுநாள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். ஸ்படிகம்.

உதட்டைப் பிதுக்கினான். குடுவையை ஆட்டோகிளேவில் வைத்து, பிரஷர் குக்கரில் வேகவைப்பதுபோல வேகவைத்து, கழுவி, கவிழ்த்துவிட்டான்.

“என்ன நடந்துச்சு?” என்று கேட்டார் நஸ்ரின்.

“ஒண்ணும் நடக்கலை மேடம். செத்துப்போச்சு. கழுவிக் கவிழ்த்துட்டேன்.”

“ஓ.”

அத்தோடு விட்டுவிட்டார். அடுத்த வாரம் கூப்பிட்டு அனுப்பினார். அவர் மேசையில் அதே அளவில் இன்னொரு குடுவை இருந்தது. உள்ளே ரோஸ் மில்க் ஊற்றி வைத்ததுபோல இருந்தது.

“உங்க குடுவைக்குக் கூடப்பிறந்தது,” என்றார். “ஒரே நாள்ல வெச்சது.”

கதிரேசன் குனிந்து பார்த்தான்.

“என்ன இது மேடம்?”

“உப்பளத் தண்ணி. அதுல இருக்கிறதுக்கு அவசரம் கிடையாது.”

உயிரோடு இருந்ததைக் கொதிக்க வைத்துக் கொன்றுவிட்டு, செத்துப்போச்சு என்று சாட்சியும் சொல்லியிருக்கிறான். வெட்கத்தில் அவனுக்குக் காது சுட்டது.

*

ஆனால் அவன் சுறுசுறுப்பான சீடன். பாடம் பிடிபட்டுவிட்டது என்று சந்தோஷமாகப் போனான். காத்திருக்க வேண்டும். அவ்வளவுதானே?

அடுத்த வகுப்பில் புதிதாக ஒரு கேள்வி கேட்டான். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

மாணவர்கள் பார்த்தார்கள். அவனும் பார்த்தான்.

மின்விசிறி சுற்றியது. யாரோ இருமினார்கள். வெளியே உப்பு லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கதிரேசன் கைகட்டி நின்றான். நெற்றி வியர்த்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் ஒரு கை உயர்ந்தது. கதிரேசனுக்கு உயிர் வந்தது.

“சொல்லுங்க, சொல்லுங்க.”

“இன்னைக்கு வகுப்பு அவ்வளவுதானா சார்? கிளம்பலாமா?”

நஸ்ரினின் அறைக்குப் போனபோது அவனுக்குக் கோபமே வந்துவிட்டது.

“காத்திருந்தேன் மேடம். மணி அடிக்கிற வரைக்கும் காத்திருந்தேன். ஒரு ஈ காக்கா வாயைத் திறக்கலை.”

நஸ்ரின் எழுந்து போனார். தெளிந்த நீரோடு இன்னொரு குடுவையைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார்.

“இதுக்கும் காத்திருங்க.”

இந்த முறை கதிரேசன் உஷாராக இருந்தான்.

“இதுல என்ன போட்டிருக்கீங்க?”

“ஒண்ணும் போடலை.”

“ஒண்ணும் போடாததுல என்ன மேடம் வளரும்?”

நஸ்ரின் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நீங்க கேட்டீங்களே ஒரு கேள்வி,” என்றார். “அதுக்குப் பதில் உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாமலா கேட்பேன்?”

“உங்களுக்குத் தெரியும்னு அந்தப் பிள்ளைங்களுக்கும் தெரியும்.”

கதிரேசன் அந்தக் குடுவையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தான். கிளம்பும்போது ஜன்னலோரம் இருந்த ரோஸ் குடுவை கண்ணில் பட்டது.

“மேடம், அதுல ஒரு சொட்டு எடுத்துக்கட்டுமா?”

“எதுக்கு?”

“சும்மா.”

நஸ்ரின் குடுவையையே தூக்கிக் கொடுத்துவிட்டார்.

*

சும்மா என்று எடுத்தது அவனை விடவில்லை.

அகார் என்ற கடல்பாசித் தூளை உப்போடு சேர்த்துக் கூழாகக் காய்ச்சித் தட்டுகளில் ஊற்றி ஆறவைத்தான். அதன்மேல் ரோஸ் தண்ணீரில் ஒரு சொட்டைத் தேய்த்துவிட்டான். பொறுமையாகக் காத்திருந்தான். பொறுமை இப்போது பழகிவிட்டது.

தட்டில் சின்னச் சின்னதாக ரோஸ் புள்ளிகள் வந்தன. நடுநடுவே வெள்ளைப் புள்ளிகளும் வந்தன. ரோஸை மட்டும் ஊசிமுனையில் தொட்டெடுத்துப் புதுத் தட்டில் வைத்தான். வளரவில்லை. இன்னும் காத்திருந்தான். வளரவில்லை. வெள்ளையை மட்டும் வைத்தான். ஜோராக வளர்ந்தது. வெள்ளையையும் ரோஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.

வெள்ளையைச் சுற்றி ரோஸ் பந்தியில் உட்கார்ந்ததுபோல் வளர்ந்து நின்றது. வெள்ளையை விட்டுத் தள்ளியிருந்த ரோஸ் அப்படியே கிடந்தது.

கதிரேசன் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினான். கதவைத் தட்ட மறந்துபோனான்.

“மேடம், ரோஸ் தனியா வளர மாட்டேங்குது.”

நஸ்ரின் எழுதுவதை நிறுத்தினார். தட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

“ஏன்?”

“வெள்ளை ஏதோ சாப்பாடு கொடுக்குதுன்னு நினைச்சேன். வெள்ளை வளர்ந்த தண்ணியை வடிகட்டி, ரோஸ் இருக்கிற தட்டுல விட்டுப் பார்த்தேன். அப்பவும் வளரலை.”

“அப்போ சாப்பாடு இல்லை.”

“காத்து வழியா ஏதாவது வருதோன்னும் பார்த்தேன். அதுவும் இல்லை. அப்போ என்ன மேடம்?”

“எனக்குத் தெரியாது,” என்றார் நஸ்ரின்.

இத்தனை மாதத்தில் அவர் முகம் அப்படி மலர்ந்து கதிரேசன் பார்த்ததே இல்லை.

அன்று வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உமையாளுக்கு ரோஸ் கதை முழுவதையும் சொன்னான். அப்பளம் வெள்ளை, சுற்றியிருந்த ஊறுகாய்த் துண்டுகள் ரோஸ். மகளும் கையைக் கழுவாமல் உட்கார்ந்து கேட்டாள்.

“இது உங்க பாடத்துல வருதா?” என்று கேட்டாள் உமையாள்.

“இல்லை.”

“குழு வர்ற அன்னைக்கு இதைச் சொல்லப்போறீங்களா?”

“எனக்கே விடை தெரியாததைக் குழுகிட்ட எப்படிச் சொல்றது?”

“அப்போ இதை வேலை கிடைச்சதுக்கப்புறம் பாருங்க,” என்றாள் உமையாள். “இந்தத் தடவையாவது பெட்டியைப் பிரிச்சு அடுக்கணும்னு எனக்கு ஆசையா இருக்கு.”

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. மறுநாள் ஆய்வுக்கூடத்தில் அந்த ரோஸ் தட்டுகளை எடுத்து உள்ளே வைத்துவிட்டான். ஈ.கோலையைப் பற்றிய ஸ்லைடுகளை உட்கார்ந்து பளபளவென்று செய்தான். படம் நகர்ந்தது, கோடு ஏறியது, எழுத்து மின்னியது. கேள்விகளையும் அவற்றின் பதில்களையும் ஒத்திகை பார்த்துக்கொண்டான்.

*

குழு வந்த அன்று கதிரேசன் சீக்கிரமே வகுப்பறைக்குப் போனான். லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு மேலே பார்த்தான்.

கூரையில் புரொஜக்டர் இல்லை. அதை மாட்டியிருந்த ஸ்க்ரூத் துளைகள் மட்டும் இருந்தன.

தாழ்வாரத்தில் நஸ்ரின் வந்துகொண்டிருந்தார்.

“மேடம், புரொஜக்டரைக் காணோம்.”

“கழற்றச் சொன்னேன்.”

“நீங்களா?”

“ம்.”

“இன்னைக்கா?”

நஸ்ரின் தலையாட்டினார்.

கதிரேசனுக்கு ஆத்திரத்தில் குரல் தடுமாறியது.

“விளையாட்டா மேடம் இது? கோப்பைப் பிடுங்கினீங்க, சரி. என் ஆராய்ச்சியை வீட்ல வெச்சுக்கங்கன்னு சொன்னீங்க, அதையும் பொறுத்துக்கிட்டேன். எனக்குக் குடும்பம் இருக்கு. நாடோடி மாதிரி அலைஞ்சாச்சு. வீட்ல பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கலை.”

“தெரியும்,” என்றார் நஸ்ரின்.

“தெரிஞ்சுமா இப்படிப் பண்றீங்க?”

“பிள்ளைங்க வந்துட்டாங்க. உள்ளே போங்க.”

அவர் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

மாணவர்கள் உட்கார்ந்தார்கள். பின்னால் தேர்வுக் குழு உட்கார்ந்தது. குழுவின் தலைவர் தெய்வநாயகம், வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் பேராசிரியர். எவ்வளவு பெரிய பேச்சாளனையும் கொட்டாவி விட்டே உட்கார வைத்துவிடுவார் என்று பெயர் வாங்கியவர்.

கதிரேசன் முன்னால் நின்றான். வெறும் சுவர். கையில் ஒரு சாக்பீஸ். ஒத்திகை பார்த்ததெல்லாம் ஸ்லைடோடு போய்விட்டது.  

போகிற வேலை போகட்டும் என்று தோன்றியது. போவதற்கு முன்னால் அந்த ரோஸ் சமாச்சாரத்தையாவது யாரிடமாவது கேட்டுவிட்டுப் போகலாம்.

“ஒரு நிமிஷம் இருங்க,” என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

பக்கத்து ஆய்வுக்கூடத்திலிருந்து தட்டுகளை ஒரு தாம்பாளம் நிறைய அடுக்கிக் கொண்டுவந்தான். முதல் பெஞ்சில் வைத்தான்.

“இது நம்ம உப்பளத் தண்ணி,” என்றான். “இந்த ரோஸ் தனியா வளராது. வெள்ளை பக்கத்துல இருந்தாதான் வளருது. ஏன்னு எனக்குத் தெரியாது.”

மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் பின்னால் நாற்காலி ஒன்று நகரும் சத்தம் கேட்டது. கதிரேசன் கவனிக்கவில்லை.

“நிஜமாவே தெரியாதா சார்?” என்று கேட்டான் ஒருவன். முன்பு ஒரு வகுப்பில் கிளம்பலாமா என்று கேட்டவன்தான்.

“நிஜமாவே தெரியாது. ரெண்டு மூணு விதமாப் பார்த்துட்டேன். தோத்துப்போயிட்டேன்.”

“அந்தத் தட்டை இங்கே குடுங்க சார்.”

அவன் எழுந்து வந்தான். அவனுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்தாள். பெஞ்சைச் சுற்றிக் கூட்டம் கூடியது.

“வெள்ளை சாப்பாடு குடுக்குது சார்.”

“நானும் அப்படித்தான் நினைச்சேன். வெள்ளை வளர்ந்த தண்ணியை வடிகட்டி விட்டேன். வளரலையே.”

“வடிகட்டும்போது சாப்பாடும் போயிருக்கும்.”

“வடிகட்டாமலும் பார்த்தேன். சூடு காட்டி வெள்ளையைக் கொன்னுட்டு, அந்தத் தண்ணியை அப்படியே விட்டேன்.”

“வளர்ந்துச்சா?”

“இல்லை.”

“அப்போ வெள்ளை உயிரோட இருக்கணும் போல.”

கதிரேசன் திரும்பிப் பார்த்தான். இதை அவன் யோசிக்கவே இல்லை. ஓடிப்போய்க் கரும்பலகையில் எழுதினான்.

“சரி, உயிரோட இருக்கணும். இருந்து என்ன பண்ணுது?”

எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். ஒருவன் மேசைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டான். இரண்டு பேர் ஒரே தட்டைப் பிடித்து இழுத்தார்கள். கூட்டத்துக்குள் வழுக்கைத் தலை ஒன்று நுழைந்தது. தெய்வநாயகம். கையில் லென்ஸ் வைத்திருந்தார்.

“எங்கே, நான் பார்க்கிறேன்.”

“சார், வெளிச்சத்தை மறைக்காதீங்க,” என்றாள் ஒருத்தி, யாரென்று பார்க்காமலே.

தலைவர் பவ்யமாக நகர்ந்துகொண்டார்.

அப்போது, “அது எதையும் குடுக்கலை சார்,” என்று ஒரு குரல் கேட்டது.

சில்வியா. வருஷம் முழுக்க முதல் பெஞ்சில் உட்கார்ந்து, கதிரேசன் சொன்னதில் ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொண்டவள். அவள் குரலையே அவன் இன்றுதான் கேட்கிறான்.

“அப்புறம்?”

“எங்க தெருவுல ஒரு நாய் உண்டு சார். நான் ட்யூஷனுக்குப் போகணும்னா அதைத் தாண்டிதான் போகணும். பக்கத்து வீட்டு அக்கா கூட வந்தாதான் போவேன்.”

பையன்கள் சிரித்தார்கள். அவள் முகம் சிவந்தது. ஆனாலும் விடவில்லை.

“அந்த அக்கா எனக்கு ஒண்ணும் தர மாட்டாங்க. பாடமும் சொல்லித் தர மாட்டாங்க. நாயை மட்டும் விரட்டுவாங்க. நடக்கிறதை நான்தான் நடப்பேன்.”

சிரிப்பு அடங்கியது.

“நம்ம தட்டுக்குள்ள ஏதோ ஒரு நாய் கிடக்கு சார். ரோஸை வளர விடலை. வெள்ளை அதை விரட்டுது. நீங்க வெள்ளை இருந்த தண்ணியை மட்டும் கொண்டுபோய்ப் புதுத் தட்டுல விட்டீங்க. புதுத் தட்டுல நாய் அப்படியே இருக்குல்லா?”

 தெய்வநாயகம் லென்ஸைக் கீழே வைத்தார்.

“வெள்ளை கொடுக்கலை,” என்றாள் சில்வியா. “எடுக்குது.”

அவ்வளவுதான், வகுப்பு அமளிதுமளியாகிவிட்டது. “அப்போ நாய் எது?” “உப்புலயா?” “இல்லைடா, கூழ் காய்ச்சும்போதே ஏதாவது உண்டாகியிருக்கும்.” “சூட்டுல பெராக்சைடுன்னு ஒரு விஷம் வரும்ல?” “வரும், வரும், நான் படிச்சிருக்கேன்.” தெய்வநாயகம் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு, காய்ச்சுவதில்தான் கோளாறு என்று ஒரு பையனோடு மல்லுக்கு நின்றார். மணி அடித்தது. ஒருவரும் காதில் வாங்கவில்லை.

கதிரேசனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இவ்வளவு சந்தோஷமாக அவன் எந்த ஆய்வுக்கூடத்திலும் இருந்ததில்லை. எடுக்குது. எடுக்குது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தான்.

கூரையில் இருந்த ஸ்க்ரூத் துளைகளை நிமிர்ந்து பார்த்தான். சட்டென்று கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தான்.

நாற்காலி காலியாக இருந்தது.

“சார், நஸ்ரின் மேடம் எங்கே?” என்று தெய்வநாயகத்திடம் கேட்டான்.

“நீங்க ‘தெரியாது’ன்னு சொன்னீங்க பாருங்க, அப்பவே எழுந்துட்டாங்க,” என்றார் அவர், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “‘இந்த வகுப்புக்கு இனிமே நான் வேண்டியதில்லை’ன்னு சொல்லிட்டுப் போனாங்க. நான் ஏதோ கோபம்னு நினைச்சேன். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. வேலை உங்களுக்குத்தான். கொஞ்சம் அந்த இன்னொரு தட்டை எடுங்க.”

 கதிரேசன் வாய்விட்டுச் சிரித்தான். கண்ணில் நீர் வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறார் என்று மாணவர்களுக்கு விளங்கவில்லை.

“சார்,” என்றாள் சில்வியா. “அந்த நாயை மட்டும் நாமளே எடுத்துட்டா, வெள்ளை இல்லாமலே ரோஸ் வளருமா?”

கதிரேசன் சாக்பீஸை அவள் கையில் கொடுத்தான்.

“தெரியாதும்மா,” என்றான். “கூழ் காய்ச்சிப் பாருங்க.”